பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது யார்?

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள், பிள்ளை என்ன எடை, பால் சுரக்கிறதா என்று விசாரித்த கையோடு இன்னொன்றையும் கேட்பார்கள்: "குளிப்பாட்ட யாரு வர்றாங்க?" வீட்டில் பாட்டி இருந்தால் பாட்டி. இல்லையென்றால் தெருவில் அதற்கென்றே ஒரு ஆயா இருப்பார். காலையில் வருவார். எண்ணெய் தேய்த்து, நீவிவிட்டு, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டி, துணியில் சுற்றித் தாயிடம் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புவார். குழந்தை அதற்குப் பிறகு இரண்டு மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கும். அந்தத் தூக்கத்தைக் கண்ணால் பார்த்த வீட்டில் எண்ணெய்க் குளியல் நல்லதா கெட்டதா என்ற விவாதம் எடுபடாது.

மருத்துவமனையில் சொல்லி அனுப்புவது வேறு. எண்ணெய் வைக்காதீர்கள், மூக்கில் ஊதாதீர்கள், தொப்புள் கொடி விழும்வரை தலைக்கு ஊற்ற வேண்டாம் என்று செவிலியர் அடுக்குவார். வீட்டுக்கு வந்ததும் மாமியார், "அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க, உன் புருசனை நான் இப்படித்தான் வளர்த்தேன்" என்பார். நடுவில் தையல் போட்ட உடம்போடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அவளுக்காகவும், பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் அவள் கணவனுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையை எண்ணெய் தொட்டு நீவிவிடுவது நல்ல பழக்கம். அதை விட வேண்டியதில்லை. ஆனால் எலும்பு உறுதிப்படும், நிறம் கூடும், சீக்கிரம் நடக்கும் என்று நாம் சொல்லிக்கொள்ளும் பலன்களுக்கு ஆதாரம் மெலிது. ஓரளவு நம்பிச் சொல்லக்கூடியது, தொடுகிறவருக்கும் குழந்தைக்கும் நடுவில் வளரும் நெருக்கம். அப்படியிருக்க, அந்த வேலையை முழுக்க வெளியாள் கையில் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் ஓரமாக நிற்பதில் நாம் இழப்பது அதிகம்.

தோல் என்ன அறியும்

கருவிலேயே முதலில் விழித்துக்கொள்ளும் புலன் தொடு உணர்வு. பிறந்த குழந்தைக்கு ஒன்றரைச் சாண் தூரத்துக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியாது. தோலோ பிறந்த நிமிடத்திலிருந்தே முழுவீச்சில் வேலை செய்கிறது. உடம்பில் முடி முளைக்கும் இடங்களில் எல்லாம் ஒரு வகை மெல்லிய நரம்பு இழைகள் இருக்கின்றன. உடம்புச் சூடுள்ள ஒரு கை நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால் அவை நன்றாகத் தூண்டப்படும். அதைவிட வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் தூண்டல் குறையும். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் இவற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். எங்கே, எவ்வளவு அழுத்தம் என்று கணக்கெடுக்கும் நரம்புகள் வேறு. இந்த இழைகள் இதமாக இருக்கிறது என்ற உணர்வை மூளைக்குக் கொண்டுபோகின்றன. யாரும் சொல்லிக்கொடுக்காமலே பெற்றோர் பிள்ளையை வருடும் வேகமும் ஏறக்குறைய இதற்குள்தான் வருகிறது.

தொடுகை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை எலிகளிடம்தான் முதலில் தெளிவாகப் பார்த்தார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சால் ஷான்பெர்க் என்ற ஆய்வாளர், தாயிடமிருந்து பிரித்த எலிக்குட்டிகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைந்துபோவதைக் கண்டார். பால் கொடுத்தும் பயனில்லை, கதகதப்பாக வைத்தும் பயனில்லை. ஈரத் தூரிகையால், தாய் எலி நக்குவதைப் போல அழுத்தி வருடியபோது அளவு பழைய நிலைக்குத் திரும்பியது.

அவரோடு சேர்ந்து வேலை செய்த டிஃபனி ஃபீல்ட், அதே கேள்வியைக் குறைமாதக் குழந்தைகளிடம் கொண்டுபோனார். 1986-ல் வெளியான ஆய்வு அது. 40 குழந்தைகளில் ஒரு பாதிக்கு நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் என்று பத்து நாள் உடம்பை நீவி, கைகால்களை மடக்கி நீட்டிவிட்டார்கள். மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். நீவிவிட்ட குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஏறிய எடை, மறுபாதிக்கு ஏறியதைவிட 47 சதவீதம் அதிகம். சராசரியாக ஆறு நாள் முன்னதாகவே வீட்டுக்கும் போனார்கள். இதில் கவனிக்க வேண்டிய செய்தி, இவர்கள் கூடுதலாகப் பால் குடிக்கவில்லை. குடித்த பாலே உடம்பில் ஒட்டியது. ஏன் என்று பிற்பாடு தேடியபோது, மிதமான அழுத்தம், மூளையிலிருந்து வயிறுவரை போகும் வேகஸ் நரம்பைத் தூண்டுகிறது, அதனால் இரைப்பையின் அசைவு கூடிச் செரிமானம் சீராகிறது என்று அளந்து காட்டினார்கள். இறகு பட்டதுபோல் மேலாக வருடினால் இந்தப் பலன் இல்லை. அது குழந்தைக்குக் கூச்சத்தைத்தான் தரும். நம் ஆயாக்கள் நன்றாக அழுத்தம் கொடுத்துத் தேய்ப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று இந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

இனி, உற்சாகத்தைக் குறைக்கும் செய்தி. குறைமாதக் குழந்தைகள் பற்றிய ஆய்வுகளை 2004-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு ஒன்றுசேர்த்துப் பார்த்தது. எடை கூடியது உண்மைதான்; ஆனால் கூடியது நாளுக்குச் சுமார் 5 கிராம். அந்த ஆய்வுகள் நடத்தப்பட்ட தரம் பற்றியும் அவர்களுக்குத் திருப்தி இல்லை. ஆரோக்கியமாகப் பிறந்த, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றிய 34 ஆய்வுகளை அதே அமைப்பு 2013-ல் சலித்தது. எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் வலுவாக இல்லை என்பதே முடிவு. உலக சுகாதார நிறுவனமும் 2022 வழிகாட்டுதலில் அளந்துதான் பேசுகிறது: நிறைமாதமாகப் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு உடம்பு முழுக்க மென்மையாக நீவிவிடலாம், வளர்ச்சிக்கு நன்மை இருக்கக்கூடும் என்று மட்டும்.

இந்தியாவில் நடந்தவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். 2000-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒன்றரை மாத வயதுள்ள 125 குழந்தைகளைப் பிரித்து நான்கு வாரம் வெவ்வேறு எண்ணெய் தேய்த்துப் பார்த்தது. நல்லெண்ணெய் தேய்த்தவர்களுக்கு நீளம், கைகால் சுற்றளவு எல்லாம் கூடுதலாக வளர்ந்தன. தேய்த்த பிறகு தூக்கமும் நன்றாக வந்தது. 2005-ல் வெளியான மற்றோர் ஆய்வில் தேங்காய் எண்ணெய் தேய்த்த குறைமாதக் குழந்தைகளுக்கு, பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய் தேய்த்தவர்களைவிட எடை வேகமாக ஏறியது. நம் அடுப்படியில் இருக்கும் இரண்டு எண்ணெயும் பாஸ். ஆனால் இவை சிறிய ஆய்வுகள். இவற்றை வைத்துக்கொண்டு பிள்ளை அறிவாளியாகும் என்று எழுதும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

தாய்க்கு என்ன கிடைக்கிறது

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைப் பற்றி நம் தெருக்களில் பேச்சே கிடையாது. "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்", "கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு" என்பதோடு முடிந்துவிடும். இந்தியா முழுக்க 20,043 பெண்களை உள்ளடக்கிய 38 ஆய்வுகளைச் சேர்த்து 2017-ல் ஒரு கணக்கு வெளியானது. பிரசவித்த பெண்களில் 22 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. ஐந்தில் ஒருவர். ஒரு பிரசவ வார்டில் வரிசையாகப் போட்ட கட்டில்களை மனதில் நிறுத்தி எண்ணிப் பாருங்கள்.

இப்படிச் சோர்ந்திருக்கும் தாய்க்குக் குழந்தை புரியாத பொருளாகிவிடும். அழுதால் பசியா, தூக்கமா, வயிற்றுவலியா என்று பிடிபடாது. பிடிபடாததால் தன்மேலேயே வெறுப்பு வரும். லண்டனில் முதல் பிரசவம் முடிந்து மனச்சோர்வில் இருந்த 34 தாய்மாரை வைத்து 2001-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு பிரிவினர் கூடிப் பேசும் ஆதரவுக் குழுவுக்குப் போனார்கள். மற்றவர்கள் அதோடு சேர்த்து, குழந்தையை நீவிவிடும் வகுப்புக்கும் வாரம் ஒருமுறை என்று ஐந்து வாரம் போனார்கள். நீவிவிடக் கற்றவர்களின் சோர்வு அதிகமாகக் குறைந்தது. அதைவிட முக்கியம், தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் விதம், ஒருவர் அசைவுக்கு மற்றவர் பதில் தரும் விதம் தெளிவாக மேம்பட்டது.

இது எப்படி நடக்கிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. பத்து நிமிடம் கையில் வேறு வேலையில்லாமல், செல்போன் இல்லாமல், ஒரு குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு காலை நீவிவிட்டால், அந்தக் குழந்தை தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடும். விரல்களை விரித்தால் போதும் என்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு விக்கினால் கொஞ்சம் நிறுத்து என்கிறது. கண்ணை அகலத் திறந்து காலை உதைத்தால் இன்னும் வேண்டும் என்கிறது. இந்தக் குறிப்புகளைப் படிக்கப் பழகிய தாய், ராத்திரி இரண்டு மணிக்கு அழும் குழந்தையிடம் பதற்றமில்லாமல் போவாள். தினமும் ஆயா வந்து தேய்த்துவிட்டுப் போகும் வீட்டில் இந்தப் படிப்பு ஆயாவுக்குத்தான் கிடைக்கிறது.

ஆயாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் சில வாரம் தாய் குனிந்து நிமிர முடியாது. அறுவைசிகிச்சை ஆனவர்களுக்குத் தண்ணீர்ச் சொம்பைத் தூக்குவதே வலி. குளிப்பாட்ட ஒரு பெரியவர் வருவதால் அவளுக்கு முக்கால் மணி நேர ஓய்வு கிடைக்கிறது. அது பெரிய உதவி. குளியல் அவர் கையில் இருக்கட்டும். மாலையில் பத்து நிமிடம் தாய் கையில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே வேலை என்று போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வீட்டில் தகராறு வருகிறது.

நீவிவிடுவது மனச்சோர்வுக்கு மருந்தும் ஆகாது. குழந்தை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், வாழ்வதே பாரம் என்ற நினைப்பு வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

தகப்பன்மார் எங்கே

இந்தப் பேச்சில் ஆண்கள் காணாமல் போய்விடுகிறார்கள். துறைமுகத்தில் ஷிப்டு, எண்ணூர் மணலி ஆலைகளில் ஷிப்டு, விசைப்படகில் போனால் நாள்கணக்கில் தங்கல். வீட்டில் இருக்கும் நேரத்திலும், "பச்சைப் புள்ளைய ஆம்பளை எப்படித் தூக்குறது, கழுத்து நிக்கட்டும்" என்று விலக்கி வைத்துவிடுவார்கள். கழுத்து நிற்க மூன்று நான்கு மாதமாகும். அதற்குள் தகப்பன் விருந்தாளி ஆகிவிடுகிறான்.

காசிமேட்டில் எனக்கு ஒரு நல்ல வாய்ப்பு தெரிகிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பின்னுவது, படகுக்கு வண்ணம் அடிப்பது போக ஆண்கள் வீட்டில்தான். பணமுடை உள்ள காலம்தான், மறுக்கவில்லை. ஆனால் கைக்குழந்தை உள்ள தகப்பனுக்கு இதைப்போல நேரம் ஆண்டில் வேறெப்போதும் அமையாது. வலை இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை குழந்தைக்குச் சொரசொரப்பாக இருக்குமே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு பதில்: எண்ணெய் அதற்காகத்தான். கை வழுக்கிக்கொண்டு போகும் அளவுக்குத் தொட்டுக்கொண்டால் போதும். ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் தாய்க்கு மட்டும் சுரப்பதில்லை. குழந்தையோடு உடம்பால் விளையாடும் தகப்பன்மாருக்கும் கூடுவதை அளந்திருக்கிறார்கள்.

ஆயாவின் கையும் அதில் விட வேண்டியதும்

தண்டையார்பேட்டைச் சந்து ஒன்றில் ஒரு ஆயா குளிப்பாட்டுவதை முழுசாகப் பார்த்திருக்கிறேன். மனைப்பலகையில் உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேல் செருகி, இரண்டு காலையும் ஒட்டி நீட்டிக்கொள்வார். கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் உண்டாகும் பள்ளம்தான் குழந்தைக்குத் தொட்டில். எண்ணெயை நேரே குழந்தைமேல் ஊற்றாமல் தன் உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். தொடையிலிருந்து பாதம்வரை ஒரே இழுப்பு, கைகள் மாற்றி மாற்றி, இடைவெளி விடாமல். பிறகு வலது கையையும் இடது காலையும் குறுக்கே கொண்டுவந்து தொடவைத்து விரிப்பார். அடுத்து இடது கை, வலது கால். அதற்குள் குழந்தையிடம் ஏதோ பேசிக்கொண்டே இருப்பார். பாதி பாட்டு, பாதி திட்டு. தண்ணீரை முழங்கை வைத்துப் பார்ப்பார். காது நனையாதபடி கட்டைவிரலாலும் நடுவிரலாலும் இரண்டு காதையும் மடக்கிப் பிடித்துக்கொண்டு தலைக்கு ஊற்றுவார். எந்த வகுப்பிலும் கற்றுக்கொள்ளாத இந்தத் தேர்ச்சியைப் பார்த்து எனக்கு மரியாதை கூடியது. வெள்ளைக்காரர்கள் இதைக் கற்க இந்தியாவுக்குத்தான் வந்தார்கள். 1973-ல் இங்கே ஒரு அனாதை இல்லத்தில் வேலை செய்த விமலா மெக்லூர் என்ற அமெரிக்கப் பெண், பார்த்ததைக் கொண்டுபோய்த் தன் நாட்டுத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார். அதிலிருந்துதான் பல நாடுகளில் பரவிய குழந்தை மசாஜ் சங்கம் பிறந்தது.

அதே ஆயா குளியல் முடிந்ததும் சுண்டுவிரலில் எண்ணெய் தொட்டுக் குழந்தையின் மூக்கில் விட்டார். அங்கேதான் நிறுத்த வேண்டும்.

மூக்கில் விடும் எண்ணெய் சளியை எடுக்காது. தண்ணீர் மூச்சுக்குழாயில் போனால் உடனே இருமல் வரும். எண்ணெய் இருமலைத் தூண்டாமலே வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அங்கே தங்கி நிமோனியாவாகிறது. எக்ஸ்ரேயில் நிமோனியா தெரியும், ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் கேட்காது, கடைசியில் தாயிடம் "மூக்கில் எண்ணெய் விட்டீங்களா?" என்று கேட்ட பிறகுதான் காரணம் விளங்கும். காதில் எண்ணெய் விடுவதும், வாயால் மூக்கிலும் காதிலும் ஊதுவதும் வேண்டாம். ஊதுகிறவர் வாயில் உள்ள கிருமி நேரே உள்ளே போகும்.

பிறந்த குழந்தையின் மார்பு லேசாக வீங்கியிருக்கும். ஆண் குழந்தைக்கும் இருக்கும். தாயின் ஹார்மோன் இன்னும் உடம்பில் இருப்பதால் அப்படி. சில வாரத்தில் தானே வற்றிவிடும். அதில் பால் இருக்கிறது என்று பிதுக்கினால் சீழ் கட்டி, கீறிவிட வேண்டிய நிலைக்குப் போகும். ஆண் குழந்தையின் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளுவதும் இதேபோல் தேவையில்லாத வேலை. உரம் விழுந்துவிட்டது, அதாவது குழந்தைக்குச் சுளுக்கு என்று சேலையில் போட்டு இரண்டு பேர் பிடித்துக்கொண்டு உருட்டுவது இன்னும் ஆபத்து. கழுத்து நிற்காத குழந்தையின் தலை அதில் ஆடும். உச்சிக்குழியில் எண்ணெய் தடவலாம். குழி மூட வேண்டும் என்று அழுத்தக் கூடாது. அது ஒன்றரை வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். மூக்கை நீவினால் எடுப்பாக வரும், தலையை உருட்டினால் உருண்டையாகும் என்பதெல்லாம் ஆசைதான். மூக்கின் வடிவம் அப்பா அம்மாவிடமிருந்து வருகிறது.

சாம்பிராணிப் புகையும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாசம் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒற்றை அறை வீட்டில், ஏற்கனவே மணலிக் காற்றைச் சுவாசிக்கும் சின்ன நுரையீரலுக்கு அது கூடுதல் பாரம்.

எந்த எண்ணெய்

தேங்காய் எண்ணெய் போதும். நல்லெண்ணெயும் சரி. சூரியகாந்தி எண்ணெயைப் பற்றி வங்கதேசத்தில் வலுவான ஆய்வு ஒன்று உண்டு. டாக்கா குழந்தைகள் மருத்துவமனையில், 33 வாரம் நிறையாமல் பிறந்த குழந்தைகளுக்கு அதைத் தடவியபோது மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்தது. தோல் முற்றாத அந்தக் குழந்தைகளுக்கு எண்ணெயே இன்னொரு தோலாக நின்று கிருமியைத் தடுத்தது. ஆலிவ் எண்ணெய் விலையும் கூட, தோலின் மேல்படலத்துக்கும் நல்லதல்ல. கடுகெண்ணெய் தோலை எரிக்கும், தடிக்கவைக்கும். சௌகார்பேட்டையிலும், வேலைக்காக வடமாநிலங்களிலிருந்து மணலி, எண்ணூர் பக்கம் வந்து குடியிருக்கும் வீடுகளிலும் அதுதான் வழக்கம். அவர்களோடு பழகுகிறவர்கள் இதைச் சொல்லலாம். கடையில் விற்கும் பேபி ஆயில் பெரும்பாலும் கனிம எண்ணெய்தான். அரசு 2015-ல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருட்களில் குழந்தைக்கான எண்ணெயும் ஒன்று. உடம்பில் தேய்க்கலாம், எந்த எண்ணெயானாலும் வாய், மூக்கு, காது பக்கம் போகக் கூடாது.

கற்பூரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சளி பிடித்தால் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. கற்பூரம் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். கைக்குழந்தைக்கு வலிப்பு வரவழைக்கும். கற்பூரம் கலந்த சளித் தைலங்களையும் இரண்டு வயதுக்குள் தொடக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மாமியாருக்குப் படித்துக்காட்ட முடியும் என்றால் இதைப் படித்துக்காட்டுங்கள்.

அக்கினி நட்சத்திரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் எண்ணெய் அளவைக் குறைக்க வேண்டும். வேர்வைத் துவாரம் அடைத்து வேர்க்குரு கிளம்பும். கோடையில் தேய்த்த எண்ணெயைக் குளிப்பாட்டி எடுத்துவிடுவது நல்லது. லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் நாளில், ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாலே போதும்.

எப்படிச் செய்வது

பால் குடித்து அரை முக்கால் மணி நேரம் கழித்து, குழந்தை விழித்து அமைதியாக இருக்கும் நேரம் பார்க்க வேண்டும். பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் ஆரம்பித்தால் அழுகைதான் மிஞ்சும். ஃபேனை நிறுத்திவிட்டு, தொடாத பகுதியைத் துணியால் மூடிக்கொள்ளலாம். மோதிரம், வளையலைக் கழற்றிவிட வேண்டும். புது எண்ணெய் என்றால் முதல்நாள் காலில் ஓரிடத்தில் தடவிப் பார்ப்பது உத்தமம்.

காலில் தொடங்கினால் குழந்தை பயப்படாது. தொடையிலிருந்து பாதத்துக்கு, பிறகு உள்ளங்காலைக் கட்டைவிரலால். வயிற்றில் மட்டும் ஒரு விதி: கை கடிகார முள் போகும் திசையில்தான் சுற்ற வேண்டும். பெருங்குடல் வலப்பக்கம் ஏறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்குகிறது. அந்தப் போக்கில் நீவினால் காற்று பிரியும். முழங்கால்களை மடக்கி வயிற்றோடு சேர்த்து மெல்ல அழுத்தி விட்டால் மாலை நேரத்து முக்கலுக்கு இன்னும் இதம். தொப்புள் காயாதவரை வயிற்றைத் தொட வேண்டாம். மார்பில் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விரித்து, கைகளை நீவி, குப்புறப் போட்டு முதுகு. முதுகெலும்பின்மேல் நேராக அழுத்தாமல் இரு பக்கமும். அழுத்தம் எவ்வளவு என்றால், தோல் கொஞ்சம் நகர வேண்டும், சிவந்துவிடக் கூடாது. கால்களை ஒட்டவைத்து நேராக இழுத்து நீட்டுவது இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். வேண்டாம் என்று குழந்தை காட்டினால் மூன்று நிமிடத்தில்கூட நிறுத்திவிடலாம்.

காய்ச்சல், தோலில் கொப்புளம், வாந்தி இருந்தால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். தடுப்பூசி போட்ட தொடையைத் தேய்க்கக் கூடாது. குறைமாதமாகவோ இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தையை மருத்துவரைக் கேட்காமல் எண்ணெய்க் குளியலுக்கு உட்படுத்தவே வேண்டாம். உடம்புச் சூடு மளமளவென்று இறங்கிவிடும். அந்தக் குழந்தைக்குத் தேவை கங்காரு கவனிப்பு: துணியில்லாமல் தாயின், அல்லது தகப்பனின் நெஞ்சோடு தோல்மேல் தோலாகப் படுக்கவைப்பது. 1978-ல் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கிய முறை. உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு இதற்கு இருக்கும் ஆதாரம், எண்ணெய் தேய்ப்பதற்கு இருப்பதைவிட எத்தனையோ மடங்கு வலுவானது.

ஏழெட்டு மாதத்தில் தவழத் தொடங்கிய பிள்ளை படுத்த இடத்தில் நிற்காது. அப்போது துரத்திப் பிடித்துத் தேய்க்க வேண்டியதில்லை. மடியில் உட்காரும்போது ஒரு கை, உடை மாற்றும்போது ஒரு கால் என்று கிடைத்த இடத்தில் செய்தால் போதும்.

இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுப்பது? தனியார் வகுப்புகளுக்குக் கட்டணம் கட்ட வியாசர்பாடி, கொடுங்கையூர்க் குடும்பங்களால் முடியாது. ஆனால் அவர்கள் எல்லோரும் வந்து உட்காரும் இடம் ஒன்று இருக்கிறது. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் தடுப்பூசிக்காக, புதன்கிழமைகளில், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஊசி போட்டதும் ஏதும் ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்க அரைமணி நேரம் பெஞ்சில் காத்திருக்கச் சொல்கிறார்கள். அந்த அரைமணி நேரத்தில் செவிலியர் ஒரு துணிப் பொம்மையை எடுத்துக்கொண்டு கால், வயிறு, முதுகு என்று செய்து காட்டி, மூக்கு எண்ணெயும் கற்பூரமும் ஏன் கூடாது என்பதைச் சொல்லிவிட முடியும். தெருவில் குளிப்பாட்டப் போகும் ஆயாக்களையும் ஒருநாள் கூப்பிட்டு அந்தப் பெஞ்சில் உட்காரவைத்து, அவர்கள் கைப்பழக்கத்தைச் செவிலியர்களுக்குக் காட்டச் சொல்லலாம். வெளியே ஆட்டோவில் காத்திருக்கும் தகப்பனை உள்ளே வரச் சொன்னால் வருவான். இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.